பாய்மரப் படகுப் பந்தயக் கிளப் நீடித்து நிற்க: பதிவேட்டை மூடிவிட்டுத் தொடக்கக் கோட்டை எண்ணுங்கள்

ஆண்டுப் பொதுக்குழுவில் வாசிக்கும் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து ஒரு பந்தயக் கிளப் நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது. பதிவேட்டில் 140 பேர் இருப்பார்கள். ஞாயிறு காலை தொடக்கக் கோட்டில் 7 படகு நிற்கும். மீதிப் பேர் யார் என்று பார்த்தால், ஆயுள் சந்தா கட்டிவிட்டு மறந்துபோனவர்கள், படகு நிறுத்த இடம் வேண்டுமே என்று சந்தா கட்டுகிறவர்கள், சாயங்காலம் பார் பக்கம் மட்டும் தலைகாட்டுகிறவர்கள், குடும்பச் சந்தாவில் பெயருக்கு இருக்கும் பிள்ளைகள். தண்ணீரில் இறங்கும் படகுகள் முதலில் குறையும். சந்தா வருவாய் சில ஆண்டுகள் தள்ளித்தான் குறையும். அதுவரை காத்திருந்து விழித்துக்கொள்கிற கமிட்டிக்குச் செய்வதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

50 முதல் 200 பேர் வரை உள்ள டிங்கி (ஒருவர், இருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகு) கிளப்புகளை மனத்தில் வைத்து எழுதியது இது. படகுத் துறையில் நிற்கும் பெரிய கீல்போட்களை (அடியில் கனமான கீல் உள்ள படகுகளை) நம்பி நடக்கும் கிளப்பின் செலவுக் கணக்கு வேறு. எண்ணும் முறை அங்கும் இதேதான்.

சரிவு எங்கிருந்து வந்தது

பிரிட்டனில் டிங்கி பந்தயம் ஊரெல்லாம் பரவியதற்குக் காரணம், வீட்டிலேயே ஒட்டிச் செய்யக்கூடிய ப்ளைவுட் படகுகள். 1956-இல் என்டர்பிரைஸ் வந்தது. 1963-இல் மிரர் வந்தது; பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ஃபைபர்கிளாஸ் நாடா ஒட்டினால் படகு தயார். மிரர் மட்டும் 70,000-க்கு மேல் கட்டப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் ஒருவர் ஓட்டும் லேசர் படகு வந்து உலகம் முழுக்கப் பரவியது. நீர்த்தேக்கங்களிலும் மணல் அள்ளிய குட்டைகளிலும் இருக்கும் கிளப்புகளில் பல இந்த அலையில் பிறந்தவை, அல்லது இந்த அலையில் பெருத்தவை. அன்று இருபது, முப்பது வயதில் சேர்ந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது. அமெரிக்காவின் ஏரிக்கரைக் கிளப்புகளிலும் ஏறக்குறைய இதே கதை.

இந்தியாவில் வேர் வேறு. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் (1911) போன்றவை ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியவை. சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவமும் கடற்படையும்தான் இந்த விளையாட்டைப் பெரிதும் தாங்கின. சிவிலியன் கிளப்புகள் சிறுவர்களை நம்பி நிற்கின்றன. அந்தச் சிறுவர்கள் பத்தாம் வகுப்பு வந்ததும் படகை விட்டுக் கரையேறிவிடுகிறார்கள். ஆக, பிரிட்டனில் மேல் வயதில் ஓட்டை, இங்கே பதினைந்து வயதில் ஓட்டை. உங்கள் கிளப்பில் எங்கே என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

முதல் வேலை: பழைய ஏடுகளைத் தோண்டுவது

ஐந்து ஆண்டுக்கான விவரம் போதும், பத்து ஆண்டுக்குக் கிடைத்தால் நல்லது. வேண்டியவை நான்கு: உறுப்பினர் பதிவேடு, பந்தய முடிவுத் தாள்கள், டியூட்டிப் பட்டியல் (பந்தயத்தை நடத்தும் வேலையை யார் எப்போது பார்த்தார் என்பது), பயிற்சி முகாமில் சேர்ந்தவர்கள் பட்டியல். எக்செல்லில் ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு ஒரு வரி என்று போடுங்கள். பத்து ஆண்டு இருந்தவருக்குப் பத்து வரி வரும். பத்திகள்: உறுப்பினர் எண், பிறந்த ஆண்டு, சேர்ந்த ஆண்டு, சந்தா வகை, சொந்தப் படகு உண்டா, அந்த ஆண்டு எத்தனை நாள் பந்தயத்தில் இறங்கினார், எத்தனை நாள் டியூட்டி பார்த்தார், அடுத்த ஆண்டு சந்தா கட்டினாரா.

இதில் மூன்று இடங்களில் கணக்கு தப்பும்.

முடிவுத் தாளில் பெயர் இருப்பதால் ஆள் வந்தார் என்று அர்த்தமில்லை. தொடர் பந்தயத்தில் பதிவு செய்த எல்லாருடைய பெயரும் ஒவ்வொரு பந்தயத்திலும் வரும். வராதவருக்கு டிஎன்சி என்று போட்டு, தொடரில் பதிவான படகு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் புள்ளி கொடுத்திருப்பார்கள். தொடக்கப் பகுதிக்கே வராதது டிஎன்சி. வந்தும் தொடங்காதது டிஎன்எஸ். முந்திக் கிளம்பியது ஓசிஎஸ், முடிக்காதது டிஎன்எஃப். பின்னால் சொன்ன மூன்றையும் வருகையாக எண்ணுங்கள். டிஎன்சியை மட்டும் தள்ளுங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே சில கிளப்புகளின் 'சராசரி 15 படகு' 8 ஆகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது, க்ரூ, அதாவது இரட்டை ஆள் படகில் துணைக்கு வருபவர். பெரும்பாலான கிளப்புகள் ஸ்கிப்பர் (சுக்கான் பிடிப்பவர்) பெயரை மட்டும் எழுதும். முன்னால் உட்கார்ந்து ஜிப் (முன்பாய்) பிடித்தவர் கணக்கிலேயே இல்லை. அவர் வராமல் போனதும் யாருக்கும் தெரியாது. பழைய தாள்களில் க்ரூ பெயர் இல்லாவிட்டால் விட்டுவிடலாம், ஆனால் இந்த வாரத்திலிருந்து எழுத வைக்க வேண்டும். மூன்றாவது, குடும்பச் சந்தா. ஓர் ஆண்டு அதை ஒன்றாகவும் மறு ஆண்டு நான்காகவும் எண்ணிய கிளப்புகள் உண்டு. ஆள் கணக்கு ஒரு பத்தி, சந்தா கணக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிடுங்கள்.

எந்த எண்களைப் பார்ப்பது

முதலாவது, ஒரு பந்தயத்துக்குச் சராசரியாக இறங்கிய படகுகள். ஆண்டு சராசரியோடு நிறுத்தாமல் மாத வாரியாகவும் போடுங்கள். தொடர் தொடங்கும்போது 14, முடியும்போது 6 என்றால் ஆள் பற்றாக்குறை இல்லை, நிகழ்ச்சி நிரலில் கோளாறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாவது, ஓர் ஆண்டில் ஒரு தடவையாவது சுக்கான் பிடித்த ஆட்களின் எண்ணிக்கை. மொத்த வருகையில் முதல் 10 பேரின் பங்கையும் சேர்த்துப் பாருங்கள். முக்கால் பங்கு அவர்களுடையது என்றால், அந்தப் பத்துப் பேரில் இருவருக்கு முழங்கால் வலி வந்தால் கிளப் படுத்துவிடும்.

மூன்றாவது, வயதின் நடுமதிப்பு. சராசரி வேண்டாம், பத்து வயதுப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்தால் சராசரி ஏமாற்றிவிடும். பந்தயத்தில் இறங்கும் பெரியவர்களை வயது வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் வயதை ஆண்டுதோறும் எழுதுங்கள். அது ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரு வயது கூடிக்கொண்டே வந்தால், அதே ஆட்கள்தான் ஒன்றாக மூப்படைகிறார்கள், புதிதாக யாரும் நிலைக்கவில்லை என்று பொருள். உறுப்பினர் எண்ணிக்கை அசையாமல் இருந்தாலும் இது உண்மை. எச்சரிக்கை மணிகளில் இதைவிடச் சீக்கிரம் அடிப்பது வேறில்லை.

நான்காவது, சேர்ந்த ஆண்டு வாரியாகத் தக்கவைப்பு. இதை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் உறைக்கும். 120 பேர் உள்ள கிளப்பில் பழைய உறுப்பினர்களில் ஆண்டுக்கு 8 சதவீதம் பேர் விலகுகிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் முதல் ஆண்டோடு போய்விடுகிறார்கள் என்று வையுங்கள். 120 குறையாமல் இருக்க ஆண்டுக்கு 17 புதியவர்கள் வேண்டும். 103 பழையவர்களில் 8 பேரும், 17 புதியவர்களில் 8, 9 பேரும் கழிவார்கள். முதல் ஆண்டில் விலகுவோரைப் பாதியிலிருந்து கால் பங்காகக் குறைத்தால் 12 புதியவர்கள் போதும். விளம்பரத்துக்கும் வெளியாட்களை அழைத்துக் கிளப்பைக் காட்டும் நாளுக்கும் செலவழிக்கும் பணத்தை முதல் ஆண்டுக்காரர்கள் மேல் செலவழிக்கச் சொல்வது இதனால்தான்.

பயிற்சி முடிந்த அன்றிலிருந்து முதல் பந்தயம் வரை

கிளப்புகள் ஆள் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். கோடை முகாமுக்கு 40 பேர் வருவார்கள், சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த ஞாயிறு இருவர் வருவார்கள். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்ட நேத்ரா குமணன் சென்னையில் ஒரு கோடை முகாமில்தான் பாய்மரப் படகைத் தொட்டவர். முகாம் கதவைத் திறக்கும். உள்ளே வந்தவருக்கு அடுத்த வாரம் என்ன வேலை என்று கிளப் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. பயிற்சியின் கடைசி நாளிலேயே, இரண்டு வாரத்துக்குள் வரும் ஒரு தேதியை அவர் கையில் கொடுங்கள்: 'இந்த ஞாயிறு 9 மணிக்கு இன்ன படகில் இன்னாரோடு க்ரூவாகப் போகிறீர்கள்.' 'எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்' என்றால் எப்போதும் வரமாட்டார். ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். கிளப் சாம்பியனை அதற்குப் போடாதீர்கள். பந்தயத்தில் நடுவில் வந்து முடிக்கிற, பேசப் பிடிக்கிற ஆளைப் போடுங்கள். முதல் இரண்டு பந்தயம் க்ரூ. மூன்றாவதிலிருந்து கிளப் படகில் சுக்கான், பொறுப்பாளர் க்ரூ. ஆறாவது பந்தயத்துக்குள் தனியாக. எட்டு வாரத்தில் இது முடியாவிட்டால் பருவம் போய்விடும், ஆளும் போய்விடுவார்.

இதற்குக் கிளப் படகுகள் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். இந்த இடத்தில் எத்தனை கிளப்புகள் சொதப்புகின்றன என்று சொல்லி மாளாது. புதியவர் 9 மணிக்கு வருகிறார்; தண்ணீர் வடிக்கும் துளைக்கு அடைப்பான் இல்லை. அதைத் தேடி முடித்தால் சுக்கான் கைப்பிடியின் நீட்டுக்கோல் மூட்டு அறுந்திருக்கிறது. அதைக் கட்டி முடிப்பதற்குள் முதல் பந்தயத்துக்கு ஹார்ன் அடித்துவிடுகிறது. தன் திறமைக் குறைவுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார். ஆகவே ஒரு பூட்டிய பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: வடிதுளை அடைப்பான் 6, 5 மி.மீ. கயிறு 20 மீட்டர், ஷாக்கிள் 10, நீட்டுக்கோல் மூட்டு 2, சுக்கான் பின் 2, பாய் ஒட்டும் நாடா ஒரு சுருள், ஸ்க்ரூடிரைவர், இடுக்கி. எடுத்ததை எழுதிவைக்க ஒரு நோட்டு.

லேசரில் (இப்போது ஐஎல்சிஏ என்று பெயர்) மாதம் ஒருமுறை இரண்டு இடம் பாருங்கள். பாய்மரம் இறங்கும் குழியில் தண்ணீர் ஊற்றிக் குறியிட்டு அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் அடியில் கசிவு. காற்று பலமாக இருக்கும் நாளில் மரம் டெக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அடுத்தது, இரண்டு துண்டாக இருக்கும் பாய்மரத்தில் மேல் மரத்தின் வளையத்தைப் பிடித்திருக்கும் ரிவெட் துளை. உப்புத் தண்ணீரில் அரித்து அங்கேதான் ஒடியும்.

புதியவர்களுக்குத் தனிப் பந்தயம் வைக்கலாமா? முதல் ஆறு வாரம் வைக்கலாம். அதே தொடக்கக் கோட்டில், மற்றவர்கள் கிளம்பிய ஐந்து நிமிடம் கழித்து, ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் பிரித்து வைத்தால் இரண்டு கிளப் ஆகிவிடும். கற்பவர்கள் தண்ணீரில் இருக்கும்போது ஆறு படகுக்கு ஒரு மீட்புப் படகு என்ற கணக்கைக் குறைக்காதீர்கள். கவிழ்ந்து பத்து நிமிடம் தண்ணீரில் காத்திருந்தவர் மறுபடி வருவது அபூர்வம்.

பதினைந்து வயது ஓட்டை

ஆப்டிமிஸ்ட் 35 கிலோ எடையுள்ள சிறு படகு. 15 வயதுவரைதான் அதில் போட்டியிடலாம். 13, 14 வயதிலேயே பல பிள்ளைகள் 50 கிலோ தாண்டி அதில் தோற்கத் தொடங்குவார்கள். 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று பெற்றோர் சொல்லும் அந்த ஓராண்டு இடைவெளியில் கிரிக்கெட்டோ டியூஷனோ பிள்ளையைக் கொண்டுபோய்விடும். ஆகவே ஆப்டிமிஸ்ட்டை விடுவதற்கு ஒரு பருவம் முன்பே அடுத்த படகில் மாதம் இருமுறை ஏற்றிவிட வேண்டும்.

அடுத்த படகு எது என்றால், ஒற்றை ஆள் படகு ஒன்றும் இரட்டை ஆள் படகு ஒன்றும் கிளப்பில் இருப்பது நல்லது. 420, 29இஆர் போன்ற இரட்டை ஆள் படகுகளைப் பராமரிப்பது கூடுதல் வேலைதான். ஆனால் இந்த வயதில் பிள்ளைகள் தோழமைக்காகத்தான் வருகிறார்கள். ஒருவன் வராவிட்டால் மற்றவன் படகு கரையில் நிற்கும் என்பதே இருவரையும் வரவைக்கும்.

பொதுத் தேர்வு ஆண்டில் சந்தாவை ரத்து செய்ய விடாதீர்கள். கால் பங்கு கட்டணத்தில் 'தேர்வு ஆண்டுச் சந்தா' என்று ஒன்று வைத்து, தேர்வு முடிந்த முதல் ஞாயிறுக்குப் படகு ஒதுக்கி வைத்து, அழைப்பை முன்பே அனுப்பிவிடுங்கள். கட்டணம் சிறிது, பெயர் பட்டியலில் இருப்பதுதான் பெரிது. ஹைதராபாத் ஹுசேன் சாகரில் யாட் கிளப் ஆஃப் ஹைதராபாத் செய்வது இன்னொரு வழி: வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளைக் கிளப் செலவில் பழக்கித் தேசியப் போட்டிவரை கொண்டுபோகிறார்கள். அதற்கு நன்கொடையாளர்களும் முழுநேரப் பயிற்சியாளரும் வேண்டும். ஞாயிறு மட்டும் திறக்கிற கிளப் ஆர்வக் கோளாறில் இதைத் தொடங்கிப் பாதியில் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நட்டம்.

படகு வகைகளைக் குறையுங்கள்

12 படகு, 7 வகை. சிறு கிளப்புகளின் தீராத வியாதி இது. வகை கலந்து ஓடினால் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் போன்ற முறையில் நேரத்தைத் திருத்துவார்கள்: எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கிப் அந்தப் படகு வகைக்குக் கொடுத்த எண்ணால் வகுப்பது. எண் 1100 உள்ள படகு 55 நிமிடத்தில் முடித்தாலும், 1400 உள்ள மெதுவான படகு 70 நிமிடத்தில் முடித்தாலும் திருத்திய நேரம் 50 நிமிடம்தான். கணக்கு நியாயமானது. ஆனால் அந்த மெதுவான படகுக்காரர் கடைசிப் பதினைந்து நிமிடமும் தனியாகப் போகிறார். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாய் இல்லை. தான் ஏன் பின்தங்கினோம் என்று தெரியாதவர் முன்னேறமாட்டார்.

கிளப்பின் பொது வகையாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள். பழைய படகு சுலபமாகக் கிடைக்கிறதா, பக்கத்துக் கிளப்பில் அதே வகை ஓடுகிறதா, உதிரி பாகம் இரண்டு வாரத்தில் வருமா, உங்கள் உறுப்பினர்களின் எடைக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். ஐஎல்சிஏவுக்கு இதில் ஒரு வசதி: ஒரே உடல், ஒரே மேல் மரம். கீழ் மரத்தையும் பாயையும் மாற்றினால் 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என்று மூன்று அளவு. ஆறு உடல் வாங்கிவிட்டு மூன்று அளவு பாயும் வைத்தால், பதினாறு வயதுப் பெண்ணும் அவள் அப்பாவும் ஒரே படகை முறை வைத்து ஓட்டலாம். குறை என்னவென்றால் எல்லாரையும் தனியாளாக்கிவிடும், க்ரூ என்ற நுழைவாயிலே அடைபட்டுப்போகும். ஆகவே இரட்டை ஆள் படகு இரண்டோ மூன்றோ கட்டாயம் இருக்கட்டும்.

மற்ற வகைக்காரர்களைத் துரத்த வேண்டாம். தனித் தொடக்கம் வேண்டுமானால் குறைந்தது 5 படகு என்று விதி போட்டால் போதும். தானாக ஒன்று சேர்வார்கள்.

பந்தய நிரல்

20 பந்தயத் தொடரில் ஒருவரின் சிறந்த 12 முடிவுகள் எண்ணப்படும் என்ற பழைய ஏற்பாடு, வாரம் தவறாமல் வந்த தலைமுறைக்குச் சரி. இன்று இரண்டு ஞாயிறு கல்யாணத்துக்குப் போனவர் மூன்றாம் வாரம் 'இனி வந்து என்ன' என்று நின்றுவிடுகிறார். தொடர் முடியும்போது கூட்டம் கரைவது இதனால்தான். 6 பந்தயம், அதில் சிறந்த 4 என்று ஆண்டுக்கு ஐந்தாறு குட்டித் தொடர் வையுங்கள். ஒவ்வொன்றும் புதுக் கணக்கு.

பந்தயம் ஒன்று 90 நிமிடம் என்பதை விட்டு 30, 35 நிமிடத்தில் மூன்று வையுங்கள். பந்தயத்தில் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது தொடக்கத்திலும் முதல் மிதவையிலும்தான். மூன்று பந்தயத்தில் அது மூன்று மடங்கு. தொடக்கத்துக்கு முன் கொடுக்கும் 5-4-1 நிமிடச் சைகை வரிசைக்குப் பதில் 3-2-1 என்று அறிவிப்பில் எழுதி மாற்றிக்கொண்டால் காத்திருப்பும் குறையும். மதியம் ஒரு மணிக்குப் படகு கரையில் இருக்க வேண்டும். சாயங்காலம் வரை இழுத்தால், வீட்டில் சின்னப் பிள்ளை உள்ள முப்பது, நாற்பது வயதுக்காரர்களை இழப்பீர்கள். டியூட்டியைச் சுமக்க வேண்டிய வயதும் அதுதான்.

டியூட்டி

பந்தய அதிகாரி, உதவியாளர், மீட்புப் படகு ஓட்டுபவர், அவருக்குத் துணை என்று ஒரு நாளுக்கு 4 பேர். ஆண்டுக்கு 32 பந்தய நாள் என்றால் 128 முறை. 60 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு. 32 பேர் ஆனால் நான்கு. ஆண்டுக்கு 12 நாள் வர முடிகிறவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கரையில். அவரைப் போல ஆறேழு பேர் விலகினால் மற்றவர்களுக்கு ஐந்தாகும். இந்தச் சுழல் தொடங்கியபின் நிறுத்துவது கடினம். ஆகவே ஆளுக்கு மூன்று என்ற எல்லையைத் தாண்டும்போதே பந்தய நாட்களைக் குறையுங்கள், அல்லது மீட்புப் படகு ஓட்டுபவருக்குச் சம்பளம் கொடுங்கள். பிந்தியது செலவு மாதிரி தெரியும். பத்து உறுப்பினர் விலகுவதோடு ஒப்பிட்டால் மலிவு. தானியங்கி ஹார்ன் பெட்டி ஓர் ஆளை மிச்சம் பிடிக்கும். முடிவு கணக்கிட செயில்வேவ் என்ற மென்பொருள் இலவசம். அதை இயக்கத் தெரிந்தவர் மூவராவது இருக்க வேண்டும், ஒருவர் போதாது.

பணம்

சந்தா நடப்புச் செலவுக்கு. நுழைவுக் கட்டணம் புதிய சொத்துக்கு. தேய்மானத்துக்குத் தனி நிதி, தனி வங்கிக் கணக்கு. மூன்றையும் கலந்தால் எஞ்சின் நின்ற அன்று கையேந்த வேண்டியிருக்கும்.

தேய்மான நிதியை இப்படிப் போடுங்கள். விலையை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மீட்புப் படகு எஞ்சின் ரூ. 4 லட்சம், உப்புத் தண்ணீரில் 8 ஆண்டு: ஆண்டுக்கு 50,000. மீட்புப் படகின் காற்றடைத்த பக்கக் குழாய் மாற்ற 3 லட்சம், 10 ஆண்டு: 30,000. பழைய கிளப் படகு 6, தலா 3 லட்சம், 12 ஆண்டு: 1,50,000. பாய் 6, தலா 40,000, 4 ஆண்டு: 60,000. மிதவை உடுப்பு 30, தலா 3,000, 5 ஆண்டு: 18,000. மொத்தம் ரூ. 3,08,000. சந்தா கட்டுகிறவர் 100 பேர் என்றால் ஆளுக்கு 3,080 இதற்கு மட்டும் போக வேண்டும். பல கிளப்புகளின் பட்ஜெட்டில் இந்த வரியே இருக்காது. கணக்கில் லாபம் தெரியும், கொட்டகையில் படகு மக்கும்.

ஆயுள் சந்தா விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுச் சந்தா 12,000, ஆயுள் சந்தா 1,20,000 என்று வையுங்கள். அந்தத் தொகையை 7 சதவீத வட்டியில் போட்டால் 8,400 வரும். முதல் ஆண்டிலேயே 3,600 துண்டு விழுகிறது, விலைவாசி ஏற ஏற இன்னும் விழும். 35 வயதுக்காரர் முப்பது ஆண்டுக்கு மேல் இருப்பார். கூரை மாற்ற அவசரத்துக்கு ஆயுள் சந்தா விற்ற கமிட்டி, அடுத்த தலைமுறையின் சந்தாவைத் தின்றுவிட்டது. விற்றே ஆக வேண்டும் என்றால் ஆண்டுச் சந்தாவின் 20 மடங்குக்குக் குறையாமல் வைத்து, முதல் தொகையைத் தொடக் கூடாது என்று சட்டவிதியில் எழுதுங்கள்.

சந்தா புதுப்பிக்கும் தேதியைப் பருவத்தின் நடுவில் வையுங்கள். ஏரி உறைந்திருக்கும் ஜனவரியிலோ, வடகிழக்குப் பருவமழை நேரத்தில் படகுகள் மூடிக்கிடக்கும்போதோ கேட்டால், 'போன தடவை எப்போது போனோம்' என்று யோசிக்க வைத்துவிடும். கட்டாதவருக்கு இரண்டு வாரத்துக்குள் போன் போட வேண்டும். கமிட்டியில் இல்லாத ஒருவர் போடுவது நல்லது. கமிட்டிக்காரரிடம் 'நேரமில்லை' என்று மட்டும்தான் சொல்வார்கள். கடைசியாகப் படகில் ஏறியது எப்போது, அதற்கு அடுத்த வாரம் ஏன் வரவில்லை, எது இருந்தால் வருவார் என்ற மூன்று கேள்வி போதும். 'ஏன் விலகுகிறீர்கள்' என்று நேராகக் கேட்டால் பணிவான பொய்தான் கிடைக்கும்.

இடமும் காகிதமும்

தண்ணீர் யாருடையதோ அவர்தான் கிளப்பின் உண்மையான முதலாளி: துறைமுகம், குடிநீர் வாரியம், மாநகராட்சி, ராணுவம். குத்தகை முடிய ஐந்து ஆண்டு இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள்; ஓராண்டு மட்டும் மிச்சமுள்ள குத்தகையை வைத்துக்கொண்டு யாரிடமும் நன்கொடை கேட்க முடியாது. சென்னை போலத் துறைமுக வளாகத்துக்குள் இருக்கும் கிளப்புகளுக்கு இன்னொரு தொல்லை, நுழைவு அனுமதி. வாயிலில் முக்கால் மணி நேரம் நின்ற பெற்றோர் பிள்ளையை இரண்டாம் வாரம் கூட்டிவரமாட்டார். புதியவர்களின் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து அனுமதிச் சீட்டைத் தயாராக வாங்கி வைப்பதும் உறுப்பினர் பெருக்கும் வேலைதான்.

கமடோர் (கிளப் தலைவர்), செயலர், பொருளாளர் யாரும் ஒரே பதவியில் மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டாம். அடுத்தவர் கடைசி ஓராண்டு கூட இருந்து பழகட்டும். பதினைந்து ஆண்டாக ஒரே பொருளாளர் என்பது பெருமையாகச் சொல்லப்படும் ஆபத்து.

எண்கள் விழுந்துவிட்டால்

முன்கூட்டியே எல்லை வகுத்து எழுதிவைத்தால்தான் சண்டையில்லாமல் முடிவெடுக்கலாம். இரண்டு பருவம் தொடர்ந்து சராசரி 5 படகுக்குக் கீழே போனால், வாரப் பந்தயத்தை நிறுத்தி மாதம் இருமுறை ஆக்குங்கள். சிதறி வரும் ஆட்கள் ஒரே நாளில் கூடுவார்கள். அதுவும் போதாவிட்டால் பக்கத்துக் கிளப்போடு ஒரே தொடர், மாறி மாறி இரு இடத்திலும். மூன்றாம் பருவமும் எண் ஏறாவிட்டால் இணைப்பைப் பேச வேண்டும், கையிருப்பு ஓராண்டு நிலைச் செலவுக்காவது இருக்கும்போதே. காலியான பெட்டியோடு போகிற கிளப்பை எவரும் இணைத்துக்கொள்வதில்லை, சொத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பேச்சுக்குப் போகும்போது ஐந்தாண்டு வருகைக் கணக்கு, குத்தகைப் பத்திரம், காப்பீடு, படகுகளின் நிலைப் பட்டியல், எஞ்சின் சர்வீஸ் நோட்டு, ஆயுள் உறுப்பினர்களின் வயதுப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். எதிரே இருப்பவர்கள் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் கேட்பார்கள்.